குழாய் ஒரு பக்கம், தகரம் ஒரு பக்கம்

சிவலட்சுமி வேலைக்குப் போகும் வீடுகளில் கதைப்பது குறைவு. போனதும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவாள். நோயாளியின் முதுகைப் பார்ப்பாள். எங்காவது சிவந்திருந்தால் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பிய காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கிளிநொச்சியில் நடத்திய பராமரிப்புப் பயிற்சிக்குப் போனவள். பிள்ளைகள் கனடாவிலும் சுவிஸிலும் இருக்க, இங்கே தனியே படுத்திருக்கும் வயதானவர்களைப் பார்ப்பதுதான் அன்றிலிருந்து அவளுக்குத் தொழில். "சிவலட்சுமியக்கா வாறா எண்டால் படுத்த படுக்கையானவையும் எழும்பி இருப்பினம், பயத்திலை" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். அதற்கும் அவள் சிரிக்க மாட்டாள்.

அவள் கணவர் வீரபாகு அதற்கு நேர்மாறு. கமக்காரர். வயலுக்குப் போகும் வழியில் நாலு வீட்டு வாசலில் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. அதனாலோ என்னவோ, ஊர்க்காரியம் எல்லாம் அவருக்குத் தன் வீட்டுக் காரியமாகவே இருந்தது.

கடைசிப் போரில், கடற்கரையோரம், ஒரு பிளாஸ்டிக் தறப்பாள் கூடாரத்துக்குள் அவருடைய தாய் இறந்தார். தூக்க நாலு பேர் இல்லை. அதே தறப்பாளை அவிழ்த்து அதிலேயே சுற்றி, கையால் மணலைத் தோண்டி மூடிவிட்டு நடந்தார்கள். அந்த இடம் எதுவென்று பிறகு அவருக்கே தெரியவில்லை. ஊருக்குத் திரும்பியதும், தங்களுக்கென்று ஒரு வீடு எழும்பும் முன்னரே, வீரபாகு மரண உதவிச் சங்கத்தைத் தொடங்கினார்.

"முதல்லை வீட்டைக் கட்டுங்கோவன்" என்றாள் சிவலட்சுமி.

"வீடு நிக்கும். சாவு நிக்காதப்பா" என்றார் அவர்.

அறுவடை முடிய வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் என்று சேர்த்து விற்று, இரும்புக் குழாய்களும் தகரமும் வாங்கினார்கள். செத்த வீட்டு முற்றத்தில் ஒரு பொழுதுக்குள் நட்டுப் பூட்டிவிடக்கூடிய கொட்டகை. அதோடு கதிரைகள், சோறாக்கும் பெரிய கிடாரங்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓராள் வேலைக்கு வரவேண்டும். அந்த வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் அயல்தான் சமைத்துக் கொடுக்கும். "இனி எங்கட ஆக்கள் ஒருத்தரையும் தறப்பாளுக்குக் கீழை கிடத்திறேல்லை" என்று வீரபாகு முதற் கூட்டத்திலேயே சொன்னார். கேட்டிருந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் ஆட்களைத் தறப்பாளில் சுற்றிவிட்டு வந்தவர்கள்.

சந்தியில் கடை வைத்திருக்கும் மஸாஹிரும் சேர்ந்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்து அவருடைய குடும்பத்தையும் இயக்கம் இங்கிருந்து வெளியேற்றியது. புத்தளத்தில் வளர்ந்து, கல்யாணம் முடித்து, பிறகு திரும்பி வந்தவர். அவர்களுடைய ஜனாஸாவைப் பள்ளிவாசல்தான் பார்க்கும், கொட்டகை தேவையில்லை. ஆனாலும் எந்தச் செத்த வீட்டுக்கும் தேயிலையும் சீனியும் அவர் கடையிலிருந்து வந்துவிடும்.

சங்கத்தில் இன்னொரு முக்கியமான ஆள் பழனியாண்டி. மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி இங்கே வந்த குடும்பம். கூலி வேலை. சாவு விழுந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் போய்ச் சொல்பவர் அவர்தான். இந்தப் பக்கத்தில் அது பெரிய விஷயம். ஒப்பாரி காதில் விழுந்திருக்கும், தொலைபேசியில் படமே வந்திருக்கும். ஆனால் ஓராள் வேலிப் படலையடியில் வந்து நின்று சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. சொல்லாமல் விட்டால் வேண்டாம் என்று ஒதுக்கியதாக அர்த்தம்.

பிறகு உள்ளூராட்சித் தேர்தல் வந்தது.

ஒரு கட்சிக்குப் பட்டம் சின்னம், மற்றதற்குக் கலப்பை. இரண்டும் தமிழ்க் கட்சிகள். இரண்டின் துண்டுப்பிரசுரத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் காணி விடுதலை, காணாமல் போனோர், வாய்க்கால், தெரு என்று வரிக்கு வரி ஒரே சங்கதிதான். வித்தியாசம் மற்றவனைத் திட்டும் பக்கத்தில் மட்டும் இருந்தது. உழவு இயந்திரம் வைத்திருக்கும் விஜிதரன் பட்டத்துக்கு நின்றான். அரிசி ஆலைப் பிரதீபன் கலப்பைக்கு நின்றான். ஒரே வகுப்பில் படித்தவர்கள். சங்கத்துக்கு அவன் தலைவர், இவன் செயலாளர். வட்டாரத்தில் சொற்ப வாக்கால் விஜிதரன் வென்றான். பிரதேச சபையிலோ இரண்டு பக்கமும் சமனாக நின்று, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், தவிசாளரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்த வாரமே ஊரில் 'துரோகி' என்ற சொல் புழங்கத் தொடங்கியது. வன்னியில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று தெரிந்தவர்களே அதைத் தேநீர்க் கடையில் வைத்து வீசினார்கள்.

சங்கம் உடைந்தது. பொருட்களைப் பிரித்தார்கள். கதிரை பாதி பாதி. கிடாரம் பாதி பாதி. கொட்டகையை எப்படிப் பிரிப்பது?

"அதை மட்டும் விடுங்கோடா" என்றார் வீரபாகு.

"விட்டால் ஆற்றை கொட்டிலிலை வைக்கிறது, அண்ணை?" என்று கேட்டான் விஜிதரன். முடிவில் பட்டக்காரர் குழாய்களை எடுத்தார்கள், கலப்பைக்காரர் தகரத்தை எடுத்தார்கள். தகரம் இல்லாமல் என்ன செய்வாங்கள், எங்களிட்டைத்தானே வரவேணும் என்று இவர்கள் நினைத்தார்கள். குழாய் இல்லாமல் என்ன செய்வாங்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். நட்டுகளைக்கூட ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பட்டக்கார வீட்டில் ஒரு சாவு விழுந்தது. குழாய்க்கு மேல் தென்னங்கிடுகு பரப்பினார்கள். கலப்பைக்கார வீட்டில் ஒன்று விழுந்தது. மரத்துக்கு மரம் கயிறு கட்டித் தகரத்தைத் தொங்கவிட்டார்கள், காற்றில் அது அடித்த சத்தத்தில் ஐயர் சொன்ன மந்திரம் யாருக்கும் கேட்கவில்லை. ஒருவரும் மற்றவரிடம் போகவில்லை.

வீரபாகுவுக்குப் பாரிசவாதம் வந்தது. சங்கம் உடைந்த கவலையில் வந்தது என்று ஊரில் சொன்னார்கள். சிவலட்சுமி அப்படிச் சொல்லவில்லை. பிறசர்க் குளிசையை ஒழுங்காகப் போடாததால் வந்தது. வலப்பக்கம் விழுந்தது, பேச்சுக் குழறியது. வேலை வீடுகளைக் குறைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள்ளேயே அதே வேலையைச் செய்தாள். இரண்டாம் முறை வந்தபோது ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பொருளை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தண்ணீரைக் கரண்டியால் கொடுத்தாலும் புரையேறத் தொடங்கியிருந்தது.

அவர் குழறிய சொற்களில் அவளுக்கு மட்டும் விளங்கிய ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. கொட்டகை.

"முழுசாய் வேணுமோ?" என்று கேட்டாள்.

தலையை அசைத்தார்.

"ரெண்டு பக்கமும் வரவேணுமோ?"

அசைத்தார். ஒரு பக்க வாயால் ஏதோ சொன்னார். தறப்பாள் வேண்டாம் என்றார்.

அடுத்த நாள் அயல் பெண்ணொருத்தியைப் பக்கத்தில் இருத்திவிட்டு விஜிதரன் வீட்டுக்குப் போனாள். மதிலில் பட்டம் ஒட்டிய சுவரொட்டி வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அவள் வந்த காரியத்தைக் கேட்டதும் விஜிதரனின் மனைவி நெஞ்சில் கைவைத்தாள்.

"மனுசன் உயிரோடை இருக்கேக்கை இதென்ன கதை, அக்கா?"

"உயிர் போனாப் பிறகு நான் பிரேதத்தை விட்டிட்டு வாசல் தாண்டேலாது, பிள்ளை. அதுதான் இப்ப வாறன்."

"வீரபாகு அண்ணை எனக்கு அப்பா மாதிரி" என்றான் விஜிதரன். "பைப்பை இப்ப வேணுமெண்டாலும் கொண்டந்து இறக்கிறன். ஆனா அவங்கள் நிக்கிற இடத்திலை நாங்கள் நிக்கமாட்டம். விலை போனவங்கள்."

"ஆருக்கு வித்தவங்கள்?"

"அது அரசியல், அக்கா. உங்களுக்கு விளங்காது."

"எனக்கு விளங்கிறது இவ்வளவுதான், தம்பி. பைப்புக்கு மேலை தகரம் இருக்கவேணும்."

அவன் நிலத்தைப் பார்த்தான். அவள் எழும்பவில்லை. தேநீர் வந்தது, குடித்தாள். கிளாஸ் வெறுமையான பிறகும் எழும்பவில்லை. கடைசியில், "சரி, நாங்கள் பைப்பை நட்டுப்போட்டுக் கிணத்தடிப் பக்கம் போயிருவம். அவங்கள் வந்து தகரத்தைப் போடட்டும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை" என்றான்.

பிரதீபன் வீட்டில் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினார்கள்.

"பட்டக்காரர் கேட்டால் தகரத்தைக் குடுப்பம்" என்றான் பிரதீபன்.

"அவை கேக்கமாட்டினம். நான் கேக்கிறன்."

"நீங்கள் கேட்டால் எனக்கு மறுப்பில்லை, அக்கா. ஆனா பதாகை கட்டி, 'பட்டம்' எண்டு போட்டு, மைக் பிடிச்சு..."

"ஒரு பதாகையும் இல்லை. பேச்சும் இல்லை. ஆற்றை கட்சியும் வேண்டாம். வரேக்கை வாயை மட்டும் வீட்டிலை வைச்சிட்டு வாங்கோ."

பிரதீபன் சிரித்துவிட்டான். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டான். "தூக்கிறது ஆர்?"

"பக்கத்துக்கு ரெண்டு பேர்."

"முன்னுக்கு?"

"வாய்க்கால் கட்டு வரைக்கும் அவை முன்னுக்கு. அங்காலை நீங்கள். போற மனுசனுக்கு முன்னும் பின்னும் ஒண்டுதான்."

"முறையாய் எங்களுக்குச் சொல்லவேணும், அக்கா" என்றான் அவன், படலை வரைக்கும் கூட வந்து. "சொல்லாமல் வந்து நிண்டதெண்டு நாளைக்கு ஒருத்தன் கதைக்கக் கூடாது."

"சொல்லாமல் இருப்பினமோ?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து வீரபாகுவின் காதருகே குனிந்து இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டதைச் சொன்னாள். அவர் இடது கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சநாள் தாங்குவார் என்று நினைத்தாள்.

குழாய், தகரம், நட்டு, தூக்குபவர்கள், யார் எந்தப் பக்கம் நிற்பது என்று எல்லாவற்றையும் யோசித்தாள். யார் போய்ச் சொல்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பழனியாண்டிதானே சொல்வார். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் என்பதுதானே வழமை. சங்கம் உடைந்த பிறகு அந்த வழமையும் உடைந்திருந்ததை, செத்த வீடுகளில் பிரேதத்தின் பக்கத்திலேயே நின்ற அவள் கவனிக்கவில்லை.

மார்கழி மழைக்குள் ஒரு காலை, ஈரத்துணியால் உடம்பு துடைத்து முடித்த கையோடு, அவருடைய மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, ஓர் இடைவெளியில் நின்றது. சிவலட்சுமி காத்திருந்து பார்த்தாள். கண்ணை மூடினாள். தாடையைக் கட்டினாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். வேட்டியை மாற்றினாள். அதற்குப் பிறகுதான் வெளியே போய் அயலைக் கூப்பிட்டாள்.

பழனியாண்டி சைக்கிளோடு வந்தார். படலையடியில் விஜிதரன் அவரிடம் சொன்னான்: "எங்கட பக்கத்துக்குச் சொல்லு. அவைக்கு அவையின்ரை ஆள் சொல்லும்." அதில் சூது ஒன்றும் இல்லை. போன இரண்டு சாவிலும் அப்படித்தான் நடந்தது. பழனியாண்டிக்கு வருடம் முழுக்க வேலை கொடுப்பது விஜிதரனின் உழவு இயந்திரம். அவர் தலையை ஆட்டிவிட்டு மிதித்தார்.

குழாய்கள் வந்தன. நட்டார்கள், பூட்டினார்கள், சொன்னபடி கிணற்றடிப் பக்கம் போய் நின்றார்கள். முற்றத்தில் இரும்பு எலும்புக்கூடுபோல் கொட்டகை நின்றது. மழை தூறத் தொடங்கியது. மல்லாவியிலிருந்து கொள்ளி வைக்க வீரபாகுவின் உடன்பிறந்தவரின் மகன், அவருக்குப் பெறாமகன், வந்து சேர்ந்தான். பெட்டி வந்தது. தகரம் வரவில்லை.

பெண்கள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நனைந்தார்கள். மஸாஹிருக்குப் பொறுக்கவில்லை. கடைக்குப் போய், மூட்டை மூடும் பெரிய நீலத் தறப்பாளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் நல்லதுக்குத்தான் செய்தார். கிணற்றடியில் நின்றவர்கள் ஓடிவந்து கட்ட உதவினார்கள். அதற்குக் கீழே பெட்டியை வைத்தார்கள்.

தலைமாட்டில் இருந்த சிவலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மேலே நீலம். மழைத்தண்ணீர் நடுவில் தேங்கித் தொய்ந்தது.

"பழனியாண்டி" என்று கூப்பிட்டாள். அவர் வந்தார். "பிரதீபன் வீட்டை சொன்னனீங்களோ?"

அவர் தோளில் கிடந்த துவாயைக் கையில் முறுக்கினார். "அவங்க ஆளு சொல்லும்னு..."

"ஆர் அவையின்ரை ஆள்?"

அவருக்குத் தெரியவில்லை. விஜிதரனுக்கும் தெரியவில்லை.

சிவலட்சுமி எழும்பினாள். பெண்கள் கையைப் பிடித்தார்கள். "எங்கையடி போறாய், பிரேதத்தை விட்டிட்டு?"

"சொல்லிப்போட்டு வாறன்."

கட்டிய சேலையோடு, மழைக்குள், வெறுங்காலோடு நடந்தாள். வீதியில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி ஒதுங்கினார்கள். பிரேதம் கிடக்க அந்த வீட்டுப் பெண்சாதி தெருவில் நடப்பதை அங்கே யாரும் கண்டதில்லை.

பிரதீபன் வீட்டு முற்றத்தில் ஆலையின் உழவு இயந்திர இழுவைப் பெட்டியில் தகரம் ஏற்றிக் கயிறு கட்டியிருந்தது. கலப்பைக்காரர் எல்லோரும் வெள்ளை வேட்டியோடு விறாந்தையில் இருந்தார்கள். அங்கிருந்து கேட்டால் ஒப்பாரி தெளிவாகக் கேட்டது. விடிந்ததிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இப்போ வருவான், இப்போ வருவான் என்று பழனியாண்டியின் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு.

அவளைக் கண்டதும் எல்லோரும் எழும்பினார்கள்.

"என்ரை மனுசன் செத்துப் போனார்" என்றாள் படலையடியில் நின்று. "சொல்ல வந்தனான்."

பிரதீபன் வாயைத் திறந்தான். "ஒருத்தரும் வந்து..." என்று தொடங்கினான். முடிக்கவில்லை. இறங்கி வந்து, "ஏறுங்கோ அக்கா, மெசினிலை போவம்" என்றான்.

"நான் நடந்து போறன். நீங்கள் தகரத்தைக் கொண்டாங்கோ."

திரும்பி வந்தபோது வீட்டில் பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். சுடலைக்குப் போகும் வழியில் வாய்க்கால் பெருகி வருகிறது, இன்னும் சுணங்கினால் அந்தப் பக்கம் போக முடியாது. விறகு நனைகிறது. அவள் வாய்க்கரிசி போட்டாள். அவருடைய நெற்றியைத் தொட்டாள். தறப்பாளுக்குக் கீழிருந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

தெரு சேறாகிப் பிந்திய மெசின் அப்போதுதான் படலைக்குள் முகத்தை வைத்தது. பெட்டி வெளியே வரவேண்டும், மெசின் உள்ளே வரவேண்டும். பிரதீபன் பின்னுக்கு எடுத்தான். தகரம் கடகடவென்று அடிக்க, சேற்றில் வழுக்கிப் பின்னால் போய் ஓரத்தில் நின்றது. அதைத் தாண்டி வீரபாகு போனார்.

சிவலட்சுமி படலையில் நின்று அந்த மட்டும்தான் பார்த்தாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாய்க்கால் கட்டில் ஒருவரும் ஒன்றும் பேசாமல் விஜிதரன் பெட்டியின் முன்பக்கத்திலிருந்து விலகினான், பிரதீபன் தோளைக் கொடுத்தான் என்று பிறகு சொன்னார்கள். கேட்டுவிட்டு, "ம்" என்றாள்.

பின்னேரம் ஆண்கள் தலை தோய்ந்து ஈரத்தோடு திரும்பி வந்தார்கள். பிரதீபன் தனியே வந்து அவள் முன்னால் நின்றான். சற்றுத் தள்ளி விஜிதரன் நின்றான்.

"அக்கா, தகரத்தை இப்ப போடட்டோ?"

"ஆருக்கு?"

பிரதீபன் முகத்தைத் துடைத்தான். விஜிதரன் வேலியைப் பார்த்தான். சிவலட்சுமிதான் மறுபடி பேசினாள்.

"போடுங்கோ. எட்டாம் நாள் செலவு வரைக்கும் ஆக்கள் வருவினம். பொம்பிளையள் நனையினம்."

போட்டார்கள். இவர்களிடம் பாதி நட்டு, அவர்களிடம் பாதி நட்டு. "அந்தக் குறட்டைத் தா" என்பதற்கு மேல் யாரும் கதைக்கவில்லை. அவிழ்த்த தறப்பாளை மஸாஹிர் மடித்துக்கொண்டு, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா, எனக்கு அந்த நேரம் அண்ணையின்ரை தறப்பாள் கதை ஞாபகம் வரேல்லை" என்றார். "நீங்கள்தான் தம்பி வந்தனீங்கள்" என்றாள் அவள். உள்ளே போய் வீரபாகுவின் மெத்தையைச் சுருட்டினாள். றப்பர் விரிப்பை டெட்டோல் தண்ணீரில் ஊறவைத்தாள். அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அழுகை வந்தது. நிறுத்த நெடுநேரம் பிடித்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் விஜிதரனின் ஆட்கள் குழாயைக் கழற்ற வந்தார்கள்.

"தகரம் மேலை கிடக்கு. எப்பிடிக் கழட்டுவியள்?"

"அவையை வந்து தகரத்தை எடுக்கச் சொல்லுங்கோ, அக்கா."

"நான் இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லப் போகமாட்டன். ஒண்டாய் வந்து கழட்டி, ஒண்டாய்க் கொண்டு போய் வைக்கிறதெண்டால் வாங்கோ. இல்லாட்டில் இது இஞ்சை நிக்கட்டும்."

பிரதீபன் பக்கத்துக்கும் அதுதான் பதில். எங்கட தகரம் என்றார்கள். ஓம், உங்கட தகரம்தான் என்றாள். அவளோடு மல்லுக்கட்ட ஒருவரும் துணியவில்லை. கொட்டகை முற்றத்திலேயே நின்றது. அவள் பழையபடி வேலை வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள்.

சிறுபோக நெல் விதைத்த காலத்தில் பழனியாண்டியின் மனைவி மீனம்மா இறந்தாள். சிறுநீரக வருத்தம், நெடுங்காலம் கிடந்தாள். பழனியாண்டி சைக்கிளை உருட்டிக்கொண்டு சிவலட்சுமியின் முற்றத்துக்கு வந்தார். வீரபாகு செத்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை. அவளுடைய முகத்தைப் பார்க்காமல் கொட்டகையைப் பார்த்தார்.

"அவ போயிட்டா, அக்கா."

"எப்ப?"

"இப்பத்தான்." சைக்கிளைக் கொட்டகைக் குழாயில் சாய்த்தார். "எனக்குன்னு சொல்ல ஆள் இல்ல. நானேதான் போகணும். யார் யாருக்குச் சொல்றது?"

சிவலட்சுமி உள்ளே போய், பஞ்சும் கிழித்த துணிக்கீலமும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வந்தாள். மீனம்மாவை யாராவது கழுவிக் கிடத்த வேண்டும்.

"முதல் வீட்டிலையிருந்து கடைசி வீடு மட்டும்" என்றாள். "நான் உங்கட வீட்டை போறன். நீங்கள் போங்கோ."

அவர் சைக்கிளில் ஏறினார். பிரதீபன் வீட்டுப் பக்கம் திரும்பியதை அவள் கண்டாள். அந்தப் படலையில் நின்று அவர் கூப்பிட்ட குரல் அவளுக்குக் கேட்டது.